தெக்கார்த்து என்னும் மேனாட்டுத் தத்துவ அறிஞர் வரலாறு

கண்ணாற் கண்டதனையும் முன்னோர் வாய்க் கேட்டதனையும் உண்மையெனக் கொண்டு ஒழுகுதல் உலகியல்பு. கண்டதும் பிழையாய்க் கேட்டதும் பிழையாயின் எதனைப் பற்றி நிற்பது என்னும் வினா எல்லாக் காலத்தும் எழுவதன்று. கி. பி. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாக் கண்டத்தில் அவ்வினா எழுந்தது. ஞாயிறு நடுவண் நிற்ப நிலவுலகம் அதனைச் சுற்றிவருகின்றது என்னும் கோப்பர்நிக்கசின் நூல் 1543-இல் வெளிவந்தது. கலீலியோ தொலைநோக்கியின் வாயிலாக வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டு 1610-இல் உலகிற்கு அறிவித்தார். உடலினுள் குருதி ஓயாது சுற்றியோடுகின்றது என்பதனை ஆர்வி என்னும் ஆங்கில மருத்துவர் 1628-இல் நூலெழுதி நிறுவினார். அரித்தாட்டில், தாலமி, காலன் முதலிய பண்டையோர் உரைகளையே அளவையாகக் கொண்டு நடந்த கல்விக்கழகங்கள் நிலைகலங்கின. அக்கலக்கத்தினின்று ஓடாது, ஐயத்தினையே வழியாகக் கொண்டு உறுதி தேடப் புகுந்தவர் ஒருவர். அவர் பிராஞ்சு நாட்டு இரெனே தெக்கார்த்து என்பவர். இலத்தீன் மொழியில் இவர் பெயர் கார்ட்டீசியசு என வழங்கும். நம் பள்ளிக் கணக்கு நூல்களிற் காணப்படும் கார்ட்டீசியன் தளம் என்னும் பெயர் இவர் பற்றி வந்ததேயாம்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1596-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் துரேன் நாட்டில் லா ஹே என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இன்று இவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. தந்தையார் பிரித்தானி நாட்டு நீதிமன்றத்தில் உறுப்பினராயிருந்தவர். பிறந்து ஓராண்டு கழிந்த அளவிலே இவர் தாயை இழந்தார். பாட்டியாரே இவரை வளர்த்தனர். மெலிந்த உடலும் வறட்டிருமலும் உடைய இக்குழவி நெடிது வாழாதென மருத்துவர் கருதினர்.

உரிய பருவத்தில் இவர் லா பிளெஷ் என்னும் ஊரில் ஏசு சபையார் நடத்திய கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். அது பிராஞ்சு மன்னர் நான்காம் என்றியின் ஆதரவால் 1604-இல் நிறுவப்பெற்றது. உடல் மெலிவு கருதி, காலையில் ஏனை மாணவரோடு எழாது படுக்கையிற் கிடந்தவாறே சிந்திக்க இவர்க்கு இசைவு தரப்பட்டது. காலைப்பொழுதைப் படுக்கையிலிருந்து சிந்தித்தலிற் கழிக்கும் வழக்கம் வாழ்நாள் முழுதும் இவரை விடவில்லை. அவ்வழக்கம் முறிந்ததும் இவர் வாழ்வு முடிந்ததும் ஒரு காலத்தனவாதலைப் பின்னர்க் காண்போம்.

கல்லூரியில் மொழியும் இலக்கியமும் தருக்கமும் தத்துவமும் கற்றார். கற்று முடித்தபோது இவர்க்கு உண்டான பயன் மகிழ்ச்சியன்று; தாம் அறியாதவை இவ்வளவு என்னும் உணர்ச்சியேயாம். தத்துவ நூலிற் பேரறிஞர் பலர் பல நூற்றாண்டுகள் உழைத்தும், மறுக்கப்படாத முடிபு ஒன்றேனும் அதன்கண் இல்லை எனக் கண்டார். கணித நூல் ஒன்றே நிறுவியதனை நிறுவியவாறே நிறுத்துவதாகத் தோன்றிற்று. அத்துணை உறுதியான அடிப்படையின்மேல் உயர்ந்த மாளிகை ஒன்றும் எழுப்பப்படாதிருத்தல் கண்டு இவர் வியந்தார். 1616-இல் புவாத்தியே கல்விக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்றார். எனினும் வழக்குத்தொழிலில் மனம் செல்லவில்லை. ஏட்டை மூடிவைத்து உலகமாகிய பெருநூலைக் கற்கப் புறப்பட்டார்.

தேட்டம்

1618-இல் ஒல்லாந்து சென்று, நாசோ மொரீசு என்னும் இளவரசரின் படையிற் சேர்ந்தார். போர்க்களம் இவரை ஈர்த்ததன்று. அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் பிரேடா நகரில் ஐசக்கு பேக்மன் என்னும் அறிஞரைச் சந்தித்ததே இவர் வாழ்க்கையின் முதற்றிருப்பமாயிற்று. இயற்கைப் பொருள்களின் இயக்கத்தைக் கணிதத்தால் ஆராய்தல் வேண்டும் என்னும் கருத்துடையவர் பேக்மன். வீழும் பொருளின் விரைவு, நீரின் அழுத்தம், இசையின் அளவு என்றிவை பற்றி இருவரும் ஆராய்ந்தனர். உறங்கிக் கிடந்த அறிவினை எழுப்பியவர் என இவர் அவரைப் போற்றினார். இசை பற்றிய சிறுநூல் ஒன்றினை எழுதி அவர்க்குக் கையுறையாக அளித்தார். பின்னாளில் இருவர்க்கும் பிணக்கு நேர்ந்தபோது தாம் அவரிடம் கற்றது ஒன்றுமில்லை எனக் கடுமொழி எழுதியது தெக்கார்த்தின் குறையேயாம். பெரியோர் வரலாற்றில் இத்தகையனவும் மறைத்தற்குரியனவல்ல.

ஓராண்டு கழித்து, 1619 நவம்பர் 10-ஆம் நாள், செர்மனி நாட்டிற் குளிர்காலத்துப் படைவிடுதியில், அடுப்பால் வெம்மையூட்டப்பட்ட அறை ஒன்றில் நாள் முழுதும் தனித்திருந்து சிந்தித்தார். அறிவுத்துறைகள் யாவும் ஒன்றனோடொன்று தொடர்புடையன; அவற்றையெல்லாம் ஒரே நெறியால் ஆராய்தல் கூடும் என்னும் எண்ணம் அன்று இவர் உள்ளத்துள் உருப்பெற்றது. அவ்விரவு மூன்று கனவுகள் கண்டு, அவற்றைத் தம் வாழ்க்கைப் பணியினைக் காட்டுவனவாகக் கொண்டார். எல்லாவற்றையும் ஐயுறுக எனப் பின்னர்க் கூறியவர், தம் பணியைக் கனவின் வாயிலாக உறுதிசெய்து கொண்டனர் என்பது வியப்பே.

அதன்பின் பல்லாண்டு நாடுகள் பல திரிந்தார். பாரிசு மாநகரில் மெர்சேன் என்னும் துறவியாரின் நட்பைப் பெற்றார். இத்துறவியார் ஐரோப்பாவின் அறிஞர்களையெல்லாம் கடிதத்தாற் பிணித்துவைத்தவர். நகர வாழ்க்கையின் ஆரவாரம் சிந்தனைக்கு ஒவ்வாமையின், 1628-ஆம் ஆண்டின் இறுதியில் இவர் மீண்டும் ஒல்லாந்து சென்றார். அங்கே இருபதாண்டு வாழ்ந்தார். அவ்விருபதாண்டினும் ஓரூரில் நிலைத்து நின்றாரல்லர். உறையுளை அடிக்கடி மாற்றித் தம் இருப்பிடம் பலர் அறியாவாறு காத்துக்கொண்டார்.

அறிவியற் பணி

ஒல்லாந்தில் இவர் உலகம் என்னும் பெயரால் ஒரு பெருநூல் எழுதினார். ஒளி, கோள், மண், உயிர்களின் உடல் என்னும் யாவற்றையும் பருப்பொருளின் அளவு, வடிவு, இயக்கம் என்பவற்றால் மட்டும் விளக்குவது அதன் நோக்கம். அது வெளியிடப்படும் நிலையில் இருந்தபோது, நிலவுலகம் இயங்குகின்றது எனக் கூறிய கலீலியோவை உரோமாபுரித் திருச்சபையின் விசாரணை மன்றம் 1633-இல் தண்டித்த செய்தி வந்தது. அக்கொள்கை இவர் நூலினும் உண்டு; அதனை நீக்கின் நூல் முழுதும் சிதைந்துபோம். நூலையே மறைத்துவிட்டார். இவர் இறந்து பதினான்கு ஆண்டு கழிந்த பின்னரே, 1664-இல், அது வெளிவந்தது. இச்செயலை அச்சமெனச் சிலர் இகழ்வர். இவர் தம் நூல்கள் சமயக் கல்லூரிகளிற் பாடமாதல் வேண்டும் என விரும்பினவர். திருச்சபையோடு பகைத்தால் அப்பயன் ஒழியும் என்பதே இவர் கருத்தாயிருந்தது. உண்மைக்கும் அமைதிக்கும் இடையே இவர் கொண்ட இத்தடுமாற்றம் இறுதிவரை நீங்கிற்றில்லை.

1637-இல் ஆராய்ச்சிநெறி பற்றிய உரை என்னும் நூலை லெய்தன் நகரில் தம் பெயரின்றி வெளியிட்டார். இலத்தீன் அறியாதாரும், பெண்டிரும் படித்துணரும் பொருட்டு அதனைத் தாய்மொழியாகிய பிராஞ்சு மொழியில் எழுதினமை குறிப்பிடத்தக்கது. தெளிவாகத் தோன்றாததனைக் கொள்ளாமை, அரியதனைக் கூறுகூறாகப் பகுத்தல், எளியதிற்றொடங்கி அரியதற்கு ஏறுதல், ஒன்றும் விடுபடாதவாறு எண்ணிச் சரிபார்த்தல் என நான்கு விதிகள் அதன்கண் உள்ளன. அந்நெறிக்கு எடுத்துக்காட்டாக ஒளியியல், வானிலை இயல், வடிவகணிதம் என மூன்று நூல்கள் உடன்சேர்க்கப்பட்டன.

வடிவகணித நூலில், கோடும் வளைவுமாகிய வடிவங்களை எழுத்தாலாகிய சமன்பாடுகளாக மாற்றுதல் கூடும் எனக் காட்டினார். அறிந்த அளவுகளுக்கு நெடுங்கணக்கின் முதலெழுத்துக்களையும் அறியாதனவற்றுக்கு ஈற்றெழுத்துக்களையும் இடும் வழக்கம் இவரால் நிலைபெற்றது. வானிலை நூலில் வானவில்லை ஆராய்ந்தார். நீர் நிரப்பிய பெரிய கண்ணாடிக் கோளம் ஒன்றினை மழைத்துளியாகக் கொண்டு, ஒளிக்கதிர் அதனுட் புகுந்து மடங்கி மீளும் கோணங்களை ஒன்றொன்றாகக் கணக்கிட்டார். கதிர்கள் ஏறத்தாழ 42 பாகையளவிலே நெருங்கித் திரளுகின்றன. அதனாலேயே வில் அவ்வளவில் தோன்றுகின்றது என விளக்கினார். இவர்க்கு முந்நூறாண்டின் முன்னரே செர்மனி நாட்டுத் தியோடரிக்கும் பாரசீக நாட்டுக் கமாலுத்தீனும் இத்தகைய கோளத்தாற் சோதித்தனர். எனினும் கோணத்தின் காரணத்தைக் கணக்கால் நிறுவியது இவர் சிறப்பு.

ஒளியியல் நூலிற் கூறிய ஒன்று நம் சிந்தனைக்கு மிக உரியது. இறந்த எருதின் கண்ணை எடுத்து, அதன் பின்புறத்துத் தோலை நீக்கி, மெல்லிய தாளை அவ்விடத்து வைத்து நோக்கின், வெளியிலுள்ள பொருளின் உருவம் அத்தாளில் தலைகீழாய் விழக் காணலாம். கண் என்பது படம் விழும் கருவி என்பது இதனாற் றெளிவாயிற்று. ஆயின் விழுந்த படத்தைக் காண மூளையினுள் வேறு இரண்டு கண்கள் உளவோ எனின், இல்லை. ஆதலாற் காண்பது கண்ணன்று. ஆன்மாவே கண்ணின் வாயிலாகக் காண்கின்றது என முடித்தார். கருவியைக் கூறுகூறாய்ப் பிரித்து ஆராய்ந்தவர், கருவியினின்று வேறாய் நிற்கும் காண்பானை நோக்கிச் சென்றமை இங்கே அறியத்தக்கது.

ஐயமும் தெளிவும்

அக்காண்பான் உண்டென்பதற்கு உறுதி யாது என்பதனைத் தத்துவச் சிந்தனைகள் என்னும் நூலில் இவர் ஆராய்ந்தார். இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட அந்நூல் 1641-இல் வெளிவந்தது. ஆறு நாட்சிந்தனைகளாக அது அமைந்துள்ளது. புலன்கள் பலகால் மயக்குகின்றன. ஒருகால் மயக்கியதனை முழுதும் நம்புதல் கூடாது. நனவிற் காண்பனவே கனவினும் காணப்படுகின்றன. இரண்டனையும் வேறுபடுத்தும் ஐயமற்ற அடையாளம் இல்லை. வல்லமைமிக்க வஞ்சகன் ஒருவன் கணக்கிலும் நம்மைப் பிழைபடச் செய்கின்றான் எனக் கொள்ளின், இரண்டும் மூன்றும் ஐந்து என்பதும் ஐயத்திற்கிடமாம். இவ்வாறு வானும் மண்ணும் உடலும் ஒழிந்தன எனக் கொண்டபோதும் ஒன்று ஒழியவில்லை. ஐயுறுதல் நிகழ்கின்றது, ஐயுறுவான் இன்றி அது நிகழாது. வஞ்சிக்கப்படினும் வஞ்சிக்கப்படுவான் ஒருவன் வேண்டும். ஆதலாற் சிந்திக்கும் தான் உளன் என்பது எவ்வாற்றானும் அசையாத முதல் உண்மையாயிற்று.

பின்னர் மெழுகு ஒன்றனைக் காட்டி விளக்குகின்றார். தேனடையினின்று எடுத்த மெழுகு நிறமும் மணமும் சுவையும் வன்மையும் உடையது. தீயின் அருகே கொணரின் அவையாவும் மாறும்; எனினும் அதே மெழுகு என்கின்றோம். புலனறிந்த குணங்கள் யாவும் மாறியவழி, அதே பொருள் என அறிந்தது புலனன்று, அறிவே. இதனால், உணர்தலே இயல்பாகவுடைய ஆன்மாவும், இடத்திற் பரந்திருத்தலே இயல்பாகவுடைய சடமும் முற்றும் வேறான இருபொருள்கள் என வகுத்தார்.

இந்நூல் அச்சாகுமுன்னரே மெர்சேன் துறவியார் வாயிலாக அறிஞர் பலர்க்கு அனுப்பப்பட்டது. அவர்கள் கூறிய தடைகளும் இவர் கூறிய விடைகளும் நூலோடு சேர்த்தே பதிப்பிக்கப்பட்டன. தம் கொள்கையை மறுப்பார் உரையையும் தம் நூலினுள்ளே இடம்பெறச் செய்த நேர்மை போற்றற்குரியது. தெளிவாகத் தோன்றுவன உண்மையாதற்கு இறைவன் வஞ்சியாமை காரணம். இறைவன் உண்மைக்கோ அத்தெளிவே காரணம் எனின், ஒன்றையொன்று பற்றுதல் என்னும் குற்றமாம் என அர்னோ என்பவர் காட்டினார். இத்தடைக்கு இவர் கூறிய விடை போதுமா என அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர்.

அந்நூல் அச்சாகுமுன் இவர் வீட்டில் ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. எலேனா என்னும் பணிப்பெண் வயிற்றில் 1635-இற் பிறந்த பிரான்சின் என்னும் சிறுமி இவர்க்கு ஒரே மகவு. அம்மகளைக் கல்வி பயிற்றுதற்குப் பிராஞ்சு நாட்டிற்கு அனுப்ப எண்ணியிருந்தார். 1640-இல், ஐந்தாம் அகவையில், கொடுங்காய்ச்சலால் அவள் இறந்தாள். அதனையடுத்துத் தந்தையாரும் இறந்தனர். கண்ணீர் பெண்டிர்க்கே உரியது என்னும் கொள்கை தமக்கில்லை என அக்காலத்து நண்பர் ஒருவர்க்கு எழுதினார். ஆன்மாவும் உடலும் முற்றும் வேறென நிறுவியவரின் உடலையும் அத்துயர் வாட்டாமலில்லை.

இளவரசியின் வினா

இவர் கொள்கையின் நடுவிடத்தைத் தொட்ட வினா கல்விக்கழகத்தினின்று வரவில்லை. அரசிழந்த குடும்பம் ஒன்றினின்று வந்தது. பொகீமிய நாட்டு அரசிழந்த பிரெடரிக்கு மன்னரின் மூத்த மகள் எலிசபெத்து என்பவர் ஒல்லாந்தில் அடைக்கலம் புக்கிருந்தார். 1643 மே மாதத்தில், தம் இருபத்துநான்காம் அகவையில், அவர் தெக்கார்த்திற்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பொருள் மற்றொன்றை அசைக்க வேண்டின் அதனைத் தீண்டித் தள்ளுதல் வேண்டும்; தீண்டுதற்குப் பரப்பு வேண்டும். ஆன்மாவிற்கோ பரப்பும் வடிவும் இல்லை என்கின்றீர். அற்றேல் ஆன்மாவின் எண்ணம் கையை எவ்வாறு அசைக்கின்றது? இதுவே அவர் வினாவின் கருத்து.

இவ்வினாத் தம் நூல்களைக் கற்றோர் வினாவத்தக்கனவற்றுட் டலைசிறந்தது என இவர் ஒப்புக்கொண்டார். ஆன்மாவை அறிவது தூய அறிவு. சடத்தை அறிவது கற்பனையோடு கூடிய அறிவு. இரண்டின் சேர்க்கையோ சிந்தித்து அறியப்படுவதன்று, நாள்தோறும் வாழ்ந்து அறியப்படுவது என விடையிறுத்தார். இளவரசியார் அமைந்திலர். சேர்க்கை உண்டென்பதனைப் புலன்கள் காட்டுகின்றன. அது நிகழுமாற்றினையோ காட்டவில்லை என்றார். வடிவற்றது வடிவுடையதனை அசைக்கும் எனக் கொள்ளுதலினும், ஆன்மாவிற்கும் ஒருவாற்றாற் பரப்பு உண்டெனக் கொள்ளுதல் தமக்கு எளிதாகும் என்றும் எழுதினார்.

இக்கடிதப் போக்குவரவு இவர் இறக்குமளவும் நடந்தது. 1644-இல் வெளியிட்ட தத்துவ முதல்கள் என்னும் நூலை இளவரசியார்க்கே உரிமையாக்கினார். அவர் கேட்ட வினாக்களினின்றே உள்ளத்தின் உணர்ச்சிகள் என்னும் இறுதிநூல் தோன்றி 1649-இல் வெளிவந்தது. மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பி ஒன்றே ஆன்மா உடலோடு தொடர்புறும் இடம் என அந்நூலிற் கூறினார். இடம் கூறினாரேயன்றி முறை கூறினாரல்லர். இளவரசியின் வினா அவ்வாறே நின்றது. அவர் எழுதிய கடிதங்கள் 1879-இலேதான் அச்சாயின. ஆதலால் இவ்வினாவின் ஆழம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உலகிற்கு மறைந்திருந்தது.

இறுதி

இதற்கிடையே ஒல்லாந்திலும் இவர்க்கு அமைதியில்லை. இவர் கொள்கை இளைஞரைச் சமயத்தினின்று பிறழ்விக்கும் எனக் கூறி, உத்திரெக்டு கல்விக்கழகத்தார் 1642-இல் அதனைக் கண்டித்தனர். அவ்வேளை சுவீடன் நாட்டு அரசி கிறித்தினா இவரை அழைத்தார். தயங்கித் தயங்கி 1649-இன் இலையுதிர்காலத்தில் இவர் சுதாக்கோமு நகர் சேர்ந்தார். இருபத்திரண்டு அகவையினராகிய அரசியார் விடியலுக்கு முன், ஐந்து மணிக்கு, பாடங்கேட்க விரும்பினார். நண்பகல்வரை படுக்கையிற் சிந்தித்துப் பழகியவர் கடுங்குளிரில் இருளில் அரண்மனைக்குச் செல்லலாயினார். நுரையீரற் காய்ச்சல் கண்டு, 1650 பிப்ரவரி 11-ஆம் நாள், தம் ஐம்பத்துமூன்றாம் அகவையில் உயிர்நீத்தார். 1663-இல் உரோமாபுரித் திருச்சபை இவர் நூல்களை விலக்கப்பட்ட நூல்களின் வரிசையிற் சேர்த்தது. எந்தச் சபையின் உடன்பாட்டிற்காக ஒரு நூலை மறைத்தாரோ, அச்சபையே இவர் நூல்களை விலக்கிற்று. 1666-இல் இவர் எலும்புகள் பாரிசு மாநகர்க்குக் கொணரப்பட்டன. இன்று அவை அங்குள்ள கோயில் ஒன்றில் அடக்கம்பெற்றுள்ளன. இவருடையதெனக் கொள்ளப்படும் மண்டையோடு மட்டும் அந்நகரத்துப் பொருட்காட்சி நிலையம் ஒன்றில் உள்ளது.

அவர் விட்டுச்சென்றவை

இவர் கூறிய அறிவியல் முடிபுகள் பல நிற்கவில்லை. கோள்கள் நுண்பொருட் சுழல்களால் அடித்துச் செல்லப்படுகின்றன என்றார். நியூட்டனது 1687-ஆம் ஆண்டு நூல் அதனை வீழ்த்திற்று. ஆர்வி கூறிய குருதியோட்டத்தை ஏற்றும், இதயம் வெப்பத்தாற் குருதியை விரிக்கின்றது எனப் பிழைபடக் கூறினார். விலங்குகள் சிந்தனையற்ற பொறிகளே என்னும் இவர் கொள்கையைப் பற்றி, இவர் வழிவந்தோர் சிலர் அவற்றின் அலறலையும் பொறியின் ஓசையெனவே கொண்டனர். அதனால் விளைந்த கொடுமை பெரிது. எனினும், தடையில்லாதவழி இயங்கும் பொருள் நேர்கோட்டிலே இயங்கும் என இவர் வகுத்த விதி நியூட்டனுக்கு அடிப்படையாயிற்று. இவர் வீழ்ந்த இடத்திலும் இவரது நெறி வீழவில்லை. இவர் பிழைகளைக் களைந்தவர்கள் இவர் கற்பித்த ஐயத்தினாலும் கணக்கினாலுமே களைந்தனர்.

நோக்கமும் விருப்பமும் நிறமும் மணமும் சடத்திற்கு இயல்பல்ல. அளவும் இயக்கமுமே அதற்கியல்பு என இவர் வகுத்ததனால், இயற்கை முழுதும் கணக்கிற்கு உட்பட்டது. அறிவியலின் பெரும்பேறு இதுவாம். ஆயின், அளக்கப்படுவதனை அளப்பானினின்று பிரித்தபோது, அளப்பான் அவ்வறிவியலின் புறத்தே நின்றுவிட்டான். இப்பிரிவினை ஆற்றப் பிறர் முயன்றனர். இரண்டும் ஒரே பொருளின் இருபண்பு என்றார் இசுப்பினோசா. இறைவனே இரண்டனையும் இயைவிக்கின்றான் என்றார் மாலபிராஞ்சு. முன்னமைந்த இசைவு என்றார் லைபுநிட்சு. இற்றை அறிவியலார் மூளையின் நுண்ணிய நிகழ்ச்சிகளைக் கருவிகளால் அளக்கின்றனர். இவர் ஆன்மாவின் இருக்கை எனக் கொண்ட சுரப்பி, உறக்கத்தைச் சார்ந்த நீர்ப்பொருள் ஒன்றைச் சுரக்கின்றது என்பதும் 1958 முதலாகத் தெளிவாயிற்று. அளக்கப்பட்ட நிகழ்ச்சி உணர்வாதல் எங்ஙனம் என்னும் வினாவோ எலிசபெத்து அம்மையார் வினாவியவாறே நிற்கின்றது.

எல்லாவற்றையும் ஐயுற்றும் ஐயுறுவானை ஐயுற இயலாது எனக் காட்டியது இவர் நமக்கு வைத்துச்சென்ற செல்வம். ஐயுறுவான் உடலோடு கூடிநிற்குமாறு யாது என்பது இவர் வைத்துச்சென்ற கடன். செல்வத்தை மட்டும் எண்ணி இவரைப் புகழ்தலும், கடனை மட்டும் எண்ணி இகழ்தலும் நடுநிலையாகா. தம் கொள்கையின் குறையைக் காட்டிய வினாவினை வெகுளாது ஏற்று, அவ்வினாவின் பொருட்டே ஆறாண்டு சிந்தித்து ஒரு நூலும் இயற்றிய பெற்றிமை தத்துவம் பயில்வார் யாவர்க்கும் வேண்டுவதாம்.